வெள்ளை மேல் வெள்ளை

ராமானுஜம் சாருக்கு ஒரு பழக்கம் இருந்தது. கம்ப்யூட்டரில் எதைப் படித்தாலும் மவுஸால் வரிவரியாகத் தேய்த்து, நீலமாக்கித்தான் படிப்பார். வைவா என்ற வாய்மொழித் தேர்வு எடுக்க வேறு கல்லூரியிலிருந்து வந்தவர் என்பதால் இது எங்களுக்கு முன்கூட்டித் தெரியவில்லை. தெரிந்திருந்தால் நானும் உசாமாவும் அன்றைக்கு அம்மை போட்டுப் படுத்திருப்போம்.

2005 ஏப்ரல். கூடுவாஞ்சேரிக்குப் பக்கத்தில் எங்கள் கல்லூரி. புராஜெக்ட்டின் தலைப்பு, 'இணையதளத்தைத் தேடுபொறியில் முன்னுக்குக் கொண்டுவருதல்'. அதற்காக எடுத்துக்கொண்டது உசாமாவின் அம்மா ஷரீபுன்னிசா மகாபலிபுரத்தில் நடத்தும் ஹனியா கெஸ்ட் ஹவுஸ். ஆறு ரூம், ஒரு கிணறு. உசாமாவுக்கு மறைமலைநகரில் ஒரு கம்பெனி வேலை கொடுத்திருந்தது. ஜூலை முதல் தேதி, பாஸான சர்ட்டிபிகேட்டோடு வரச் சொல்லியிருந்தார்கள். வைவாவில் விழுந்தால் வேலையும் விழும்.

ஆகவே முதலில் நேர்மையாக உழைத்தோம். தேடினால் முப்பதாவது பக்கத்தில் வரும் தளம் அசையவில்லை. பிறகு தளத்தின் அடியில், வெள்ளைப் பின்னணியில், வெள்ளை எழுத்தில், ஜனங்கள் தேடக்கூடியதையெல்லாம் கொட்டினோம். ஏசி, கடல் பார்த்த பால்கனி, நீச்சல் குளம். ஒவ்வொன்றும் நாற்பது முறை. மனிதக் கண்ணுக்குத் தெரியாது, தேடுபொறிக்குத் தெரியும். ஒரே மாதத்தில் முதல் பக்கம்.

"ஹனியா கெஸ்ட் ஹவுஸா?" என்றார் ராமானுஜம் சார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். 'மகாபலிபுரம் ரூம்' என்று தேடினார். மூன்றாவதாக வந்தது. திறந்து, தேய்க்க ஆரம்பித்தார்.

முகவரி நீலமானது. ரூம் விவரம் நீலமானது.

"மச்சான், கீழ போய்கினே கீறாருடா," உசாமா உதட்டை அசைக்காமல் சொன்னான்.

"சார், டீ வருது," என்றேன்.

"வரட்டும்."

போன் நம்பர் நீலமானது. பக்கம் அங்கே முடிந்துவிட்டதாக எந்த நல்ல மனிதரும் நம்புவார். இவர் இன்னும் ஒரு இழுப்பு இழுத்தார். வெறும் வெள்ளையிலிருந்து எழுத்துகள் கூட்டமாக எழுந்து நின்றன.

"நீச்சல் குளம். நீச்சல் குளம். நீச்சல் குளம்..." நாற்பதையும் வாய்விட்டுப் படித்தார். டீ வந்து ஆறியது.

"போன மாசம் பேரன் அத்வைத்தோட அங்க தங்கினேன்ப்பா. நீச்சல் குளம்னு தேடினப்ப இதுதான் வந்துது. இடுப்புல ரப்பர் டியூபோட குழந்தை ரூம் ரூமா குளத்தத் தேடுறான். பாவம், அந்தம்மா துணி ஊறவைக்கிற டப்புல கிணத்துத் தண்ணிய ரொப்பி அவன உக்கார வச்சாங்க."

"நீங்கதானா சார் அது? யாரோ ஒரு பெருசு குளம் எங்க, குளம் எங்கன்னு பேஜாரு பண்ணிச்சுன்னு அம்மா..." உசாமா மீதியை விழுங்கினான்.

"அழி."

அழித்தான். புதிய பக்கத்தை ஏற்றினான். சார் மறுபடி தேடினார். அதே மூன்றாவது இடம்.

உசாமாவின் முகம் மலர்ந்தது. நான் மேஜைக்கடியில் அவன் காலை மிதித்தேன். தேடுபொறி மூன்று வாரத்துக்கு ஒருமுறைதான் எங்கள் தளத்தை வந்து பார்க்கும், அதுவரை பழைய நகலை வைத்துத்தான் இடம் கொடுக்கும். இதை எங்கள் ரிப்போர்ட்டில், இருபத்தேழாம் பக்கத்தில், நாங்களே எழுதியிருந்தோம். புராஜெக்ட் ரிப்போர்ட்டை யாரும் படிப்பதில்லை என்பதால் அதில் உண்மையையே எழுதிவிட்டோம்.

சார் ரிப்போர்ட்டைப் புரட்டினார். இருபத்தைந்து. இருபத்தாறு. இருபத்தேழில் விரல் நின்றது.

"மூணு வாரம்னு போட்டிருக்கீங்க."

"ஆமா சார்."

மார்க் ஷீட்டை எடுத்தார். பேனாவைச் சட்டைப்பையில் செருகிவிட்டுப் பென்சிலை எடுத்தார். பாஸாகும் அளவுக்கு, ஆளுக்கு நாற்பத்தைந்து போட்டார்.

"இது யூனிவர்சிட்டிக்குப் போக ஒரு மாசம் ஆகும். அதுக்குள்ள இன்னொரு தடவை தேடுவேன். அங்க இருக்கிறத மட்டும் எழுதி முதல் பக்கத்துல வந்தா, பேனாவால எழுதுறேன். இல்லன்னா ரப்பர் இருக்கு."

அவர் போன பிறகு உசாமா ஆறிப்போன டீயை எடுத்துக் குடித்தான்.

"மச்சான், இருக்கிறத மட்டும்தான எழுதணும்?"

"ஆமாடா."

"வூட்டுக்குப் பின்னால எடம் கீது. ஒரு குளம் வெட்ட மூணு வாரம் பத்தாதா?"