கப்பல் ஏறாத பதினொரு பேர்

1932-இல் ரயில்வேயில் வேலைக்குறைப்பு வந்தபோது, கடல்கடந்து வந்து பிரிக்பீல்ட்ஸ் லயத்தில், ரயில்வே கொடுத்த வரிசைவீடுகளில், குடியிருந்த வயதான ரயில்பாதைக் கூலிகள் பதினொரு பேருக்கு ஒரே நாளில் உத்தரவு வந்தது. இனி வேலை கிடையாது. மாதக் கடைசிக்குள் வீட்டைக் காலி செய்துவிட்டு இந்தியாவுக்குக் கப்பல் ஏற வேண்டும்.

நல்லம்மாள் இருபத்தெட்டு வருஷம் தண்டவாளத்துக்கு ஜல்லி சுமந்தவள். புருஷனையும் மகளையும் இந்த மண்ணில்தான் புதைத்திருந்தாள்.

“ஊருல என்னை யாரு தேடுறா? நான் போகமாட்டேன்.”

பக்கத்துத் தெருவில், ரயில்வே ஆபீசில் கணக்கெழுதி ஓய்வுபெற்ற கிராணிகளுக்கு ஒரு சங்கம் இருந்தது. அவர்களுக்கு எந்தக் குறை வந்தாலும் ரயில்வே துரைக்கு மனு எழுதும் சங்கம். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்கு நல்லம்மாள் மற்றப் பத்துப் பேரையும் கூட்டிப்போய் முன்வரிசை நாற்காலிகளில் உட்காரவைத்தாள்.

செயலாளர் முத்துக்குமாரு, யாழ்ப்பாணத்துக்காரர், பதறி வந்தார்.

“இது பென்ஷன்காரருக்கான சங்கம், அம்மா. உங்களைச் சேர்க்க ஏலாது.”

“நாங்க போட்ட தண்டவாளத்துலதானே ஐயா உங்க ரயிலு ஓடுச்சு? உங்களுக்கு வயசானா பென்ஷன், எங்களுக்கு வயசானா கப்பலா?”

பின்வரிசையில் யாரோ, “வெளியில அனுப்புங்கோ!” என்று கத்தினார். பதினொரு பேரில் ஒருவரான, ரயில்வே கேட்டில் காவல் இருந்த அய்யாவு கூச்சப்பட்டு எழுந்தார். நல்லம்மாள் அவர் தோளை அழுத்தினாள்.

“உக்காருங்கண்ணே. வேணும்னா தூக்கிட்டுப் போகட்டும்.”

யாரும் தூக்க வரவில்லை. கை தூக்கச் சொன்னார்கள்: சேர்க்கலாம் என்று மூன்று பேர், கூடாது என்று பதினான்கு பேர். கூட்டம் கலைந்தபின் முத்துக்குமாரு மட்டும் பேனாவோடு வந்து அமர்ந்தார்.

“சங்கத்தின்ர பேரில ஏலாது. நான் எழுதித் தாறன்.”

இங்கிலீஷில் ஒரு வரி எழுதினார்.

“என்ன எழுதுனீங்க?”

“தாழ்மையுடன் கெஞ்சுகிறோம் எண்டு.”

“அதை அடிங்க. நாங்க கெஞ்சல, கேக்குறோம்.”

“துரை கோவிப்பார், அம்மா.”

“கோவிக்கட்டும்.”

அவர் அடித்தார். பதினொரு கைநாட்டுகளோடு மனு போனது.

மாதக் கடைசியில் கப்பல் போனது, இவர்கள் போகவில்லை. இரண்டு நாள் கழித்துப் பதில் வந்தது. விருப்பமில்லாதவர்களை அனுப்பமாட்டார்கள்; வருஷக் கடைசி வரை வீட்டில் இருக்கலாம்; வேலை மட்டும் இல்லை.

“இது போதும்லா,” என்றார் அய்யாவு, கண்ணைத் துடைத்துக்கொண்டு.

“எப்படிண்ணே போதும்? அடுத்த வருஷம் எங்க படுப்பீங்க? நமக்குன்னு ஒரு சங்கம் வேணும்.”

மறுவாரம் முத்துக்குமாரு பதிவுக் காகிதத்தோடு லயத்துக்கே வந்தார்.

“தலைவர் ஆர்?”

“நான்தான். எழுதுங்க.”

“விலாசம்?”

நல்லம்மாள் தன் வீட்டுக் கதவைக் காட்டினாள்.

“இதுதான்.”