மேலே நின்று கொட்ட ஓர் ஆள்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். மாவு அரைக்கும் இயந்திரம் வாங்கப் போன கடையில் கிடைத்த கதை இது. எனக்கு வேண்டியது சமையலறையில் அடங்குகிற சின்ன இயந்திரம். கடைக்காரர் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கடையின் பின்பக்கத்தில் பெரிய மில் ஒன்றை ஓட்டிக் காட்டிக்கொண்டிருந்தார். அதன் பக்கத்தில் நின்ற பெண், கைபேசியை மில்லின் அருகே நீட்டிப் பிடித்து, "கேக்குதா?" என்றாள். அந்தப் பக்கம் என்ன பதில் வந்ததோ, அவள் முகம் மலர்ந்து, பிறகு மெல்ல வாடியது. [மலர்ந்தது, வாடியது. பூக்கடை வருணனை. மாற்ற வேண்டும்.]

நான் வாங்க வந்ததை வாங்காமலே வீடு திரும்பினேன். இனி வருவதெல்லாம் என் கற்பனை. கற்பனையில் அவள் விஸ்கி காய்ச்சுகிறாள், எனக்கோ விஸ்கியைப் பற்றி ஒன்றும் தெரியாது. இருமலுக்கு ஒரு முறை குடித்திருக்கிறேன், இருமல் போகவில்லை.

2

முதலில் எழுதிய தொடக்கம்: "விஸ்கி காய்ச்சுவது எளிது, காத்திருப்பதுதான்—"

வேண்டாம். விஸ்கி வருஷக்கணக்கில் ஊறும் பீப்பாயைக் கண்டாலே காத்திருப்பைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவார்கள். எனக்கு அந்த வியாதி வேண்டாம்.

அடுத்தது: "கணவன் அவளை விட்டுப்—"

விட்டுப் போகவில்லையே. வேலைக்குத்தான் போயிருக்கிறான். கடல் தாண்டி, விஸ்கி காய்ச்சுகிற ஒரு பெரிய வடிசாலையில் வேலை. ஒரு வருஷம் என்று சொல்லிப் போனவன், அது முடிந்து, அதற்கடுத்ததும் முடிந்து, இன்னும் அங்கேயே இருக்கிறான். பணம் அனுப்புகிறான், தினமும் பேசுகிறான். குறை சொல்ல ஒன்றும் இல்லை, அதுதான் அவளுக்குப் பெரிய குறை.

சரி, மில்லிலிருந்தே தொடங்குகிறேன்.

3

அவளை வடிசாலைக்காரி என்றே வைத்துக்கொள்வோம். ஊர் எல்லையில் தகரக் கூரை போட்ட கொட்டகை, அதற்குள் செம்பு வடிகலன், நொதிக்க வைக்கும் தொட்டிகள், சுவரோரம் நாலைந்து பீப்பாய்கள். எல்லாம் இருக்கிறது, மில் மட்டும் இல்லை. இதுவரை முளைகட்டிய பார்லியை உடைத்தே கொண்டுவந்து தந்துகொண்டிருந்த வியாபாரி, இனி முழுத் தானியம்தான் தருவேன் என்று கைவிரித்துவிட்டார்.

கடையில் இரண்டு வகை மில் இருந்தது. ஹேமர் மில் தானியத்தை அடித்து மாவாக்கிவிடும். பக்கத்தில் நின்றால் காது போய்விடும், தூசி பறக்கும், ஆனால் ஒரே ஆள் போதும். கொட்டிவிட்டு வேறு வேலை பார்க்கலாம். ரோலர் மில் அப்படி இல்லை. இரண்டு உருளைகளுக்கு நடுவே தானியம் நசுங்கி உடையும், உமி முழுசாக இருக்கும். உடைத்த பார்லியை வெந்நீரில் ஊறவைக்கும்போது அந்த உமிதான் அடியில் படிந்து சாற்றைத் தெளிவாக வடிகட்டித் தரும். ஆனால் உருளைகளின் இடைவெளியைப் பார்த்துப் பார்த்துத் திருத்த வேண்டும். மேலே நின்று கொட்ட ஒருவர், கீழே நின்று கையில் வாங்கிப் பார்க்க ஒருவர்.*

(* இரண்டு பேர் கட்டாயம் இல்லை என்று விஷயம் தெரிந்தவர்கள் சொல்வார்கள். சொல்லட்டும். அவள் பழகியது அப்படி.)

எப்படிப் பழகினாள் என்றால், அவர்கள் காதலித்ததே ஒரு ரோலர் மில்லுக்குப் பக்கத்தில்தான். இன்னொருவருடைய வடிசாலையில் இருவருக்கும் வேலை. அவனை எல்லோரும் நெட்டை என்பார்கள், அவ்வளவு உயரம். அவன் மேலே படியில் நின்று மூட்டையைக் கவிழ்ப்பான். அவள் கீழே இருந்து உள்ளங்கையில் ஊதிப் பார்த்து, "கொஞ்சம் இறுக்கு" என்பாள், "போதும், தளர்த்து" என்பாள். ரோலர் மில் ஓடும்போது பேச முடியும். அதனால் இறுக்கு, தளர்த்து என்று தொடங்கிய பேச்சு எங்கெங்கோ போய்க் கல்யாணத்தில் முடிந்தது.

ஆகவே வாசகரே, ஹேமர் மில் வாங்கினால் அவன் வரப்போவதில்லை என்று அவளே எழுதிக் கையெழுத்துப் போட்டது மாதிரி. ரோலர் மில் வாங்கி அவன் வராமல் போனால்—

[இந்த வாக்கியத்தை முடிக்க எனக்கு மனசு வரவில்லை.]

4

இந்த நெட்டையை எப்படி எழுதுவது என்று தலையைப் பிய்த்துக்கொண்டேன். கல்நெஞ்சக்காரனாக்கிப் பார்த்தேன். ஒட்டவில்லை, அவன் சிரிப்பு அவ்வளவு நன்றாக இருக்கிறது. கடையில் நடந்த பேச்சை இப்படி வைத்துக்கொள்ளலாம்:

"கேக்குதா?"

"கேக்குது. இடைவெளி ஜாஸ்தியா இருக்கு, பார்லி முழுசா விழுது பாரு. ஆனா நல்ல மில்லு. இதையே வாங்கிடு."

"இதுக்கு மேல நின்னு கொட்ட ஆள் வேணுமே."

"அதுக்கென்ன, பாத்துக்கலாம்."

பாத்துக்கலாம். வருகிறேன் என்றும் இல்லை, வரமாட்டேன் என்றும் இல்லை. இந்த ஒரு சொல்லை நம்பி ஒரு பெண் எந்த மில்லை வாங்குவது? எனக்கு வந்த ஆத்திரத்தில் பேனாவை மூடி வைத்துவிட்டேன். அவளுக்கு ஆத்திரம் வரவில்லை. அவன் குரல் வந்த காதையே கொஞ்ச நேரம் தடவிக்கொண்டிருந்தாள். அவளுக்கு அவன் வேண்டும், அவ்வளவுதான். அவன் அனுப்பும் பணமும் யோசனையும் இல்லாமல் அவள் சமாளித்துவிடுவாள். கொட்டகையில் அவன் நடமாடுகிற சத்தம்தான் வேண்டும்.

கூட வந்தது நாத்தனார், அவனுடைய தங்கை. வடிசாலையில் பங்குதாரர். தன் அண்ணனை நன்றாகத் தெரிந்தவள்.

"அண்ணி, ஹேமரையே வாங்கிடுங்க. அவனை நம்பி மெஷின் வாங்காதீங்க. சின்ன வயசுல கடைக்கு அனுப்பினாலே சாயங்காலம்தான் வருவான்."

"வந்துடுவான்ல?"

"சாயங்காலம்னு சொன்னேன். எந்த நாள் சாயங்காலம்னு சொன்னேனா?"

இருவரும் சிரித்தார்கள். சிரித்து முடித்ததும் அவள் மறுபடியும் ரோலர் மில்லின் பக்கம் போய் நின்றாள்.

5

முடிவுகள்.

(அ) லாரியில் மில் வந்து இறங்குகிறது, அதே லாரியிலிருந்து அவனும் இறங்குகிறான். நானே எழுதிவிட்டு நானே வெட்கப்பட்டேன்.

(ஆ) ஹேமர் மில் ஓடுகிறது. அவள் காதடைப்பான் போட்டிருக்கிறாள். மேசைமேல் கைபேசி அடிக்கிறது, அவளுக்குக் கேட்கவில்லை. இது கொஞ்சம் நன்றாகத்தான் வந்தது. ஆனால் எழுதி முடித்ததும் தாங்காமல் கிழித்துப்போட்டேன்.

(இ) இல்லை. அவளையே கேட்டுவிடுவோம்.

6

கடைக்காரர் அளவெடுக்கக் கொட்டகைக்கு வந்தார். எந்த மில் என்று அவள் இன்னும் சொல்லவில்லை. "எதுவானாலும் தானியம் கொட்டுற வாய் எந்த உயரத்துல வரணும்னு காட்டுங்க, அதுக்கேத்த மாதிரி மில்லுக்கு அடியில மேடை போடணும்" என்றார்.

அவள் யோசிக்கவே இல்லை. கொட்டுகிறவர் நிற்கும் இடமாகச் சுவரோரப் படியில் ஏறி நின்று கையை நீட்டிக் காட்டினாள். கடைக்காரர் பென்சிலால் கோடு போடப் போனவர், நிறுத்திவிட்டு அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

"அம்மா, இவ்ளோ உயரத்துக்கு உங்களால மூட்டையத் தூக்க முடியாதே. கண்ணு உயரத்துக்கு வருது."

அவள் தன் கையைப் பார்த்தாள். அது அவள் கண்ணுக்கு நேரேதான் நின்றது.

"அண்ணி," என்று நாத்தனார் மெதுவாகச் சொன்னாள், "அது அண்ணனோட நெஞ்சு உயரம்."

கை இறங்கவில்லை. இத்தனை நாளாகியும் அந்த உயரம் அவள் கைக்கு அத்தனை சரியாகத் தெரிந்திருந்தது. அங்கே ஒரு நெஞ்சு இருக்க வேண்டும், இல்லை. அவள் அழுதாள், மறைக்கவில்லை. கடைக்காரர் பாவம், பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு வெளியே போய் நின்றார்.

அழுது முடித்துவிட்டு அவரைக் கூப்பிட்டாள்.

"ரோலர் மில்லே போடுங்க. மேடை மட்டும் என் உயரத்துக்கு."

"கொட்டுறதுக்கும் பாக்குறதுக்கும் நீங்க ஒரே ஆளா? ஏறி இறங்கியே காலு போயிடும்மா."

"போகட்டும்."

"அண்ணன் வந்தா முதுகு போயிடும் அண்ணி, அவ்ளோ தாழ்வா போட்டா."

"வந்தா குனியட்டும்."

7

அவன் வந்தானா என்று கேட்கிறீர்கள். எனக்கு அவன் வர வேண்டும் என்று ஆசை. ஆசைப்படுகிறவள் முடிவு எழுதக் கூடாது, (அ)வைப் பார்த்தீர்களே. நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். அவனை அழைத்துவருவதாக இருந்தால் கொஞ்சம் சீக்கிரம். மில் ஓட ஆரம்பித்துவிட்டது, அவள் முதல் மூட்டையைத் தூக்கிவிட்டாள்.