வெற்றிலை பாக்கு வைத்து அழைத்த தீவு

1958-ஆம் வருஷம் வைகாசி பிறந்த அன்று காலையில், அனந்தநாராயணனும் நீலாம்பாளும் லீவுக்குப் போய்த் திரும்பிய தீவு மட்டாஞ்சேரிக்கு வந்து, சுக்குக் கிட்டங்கியின் படித்துறையை அடைத்துக்கொண்டு நின்றது. தென்னைகள், நண்டுகள், நடுவில் ஒரு நல்ல தண்ணீர் ஊற்று, எல்லாவற்றோடும் வந்திருந்தது. அன்றைக்கு மிளகு விலை இறங்கியிருந்ததால் பஜாரில் விலையைப் பற்றித்தான் பேச்சாக இருந்தது. கிட்டங்கியை ஒட்டிய வீட்டின் கொல்லைக் கதவைத் திறந்த நீலாம்பாள், பத்துப்பாத்திரமும் கையுமாக நின்று பார்த்தாள். அவளுக்கு ஆச்சரியமே வரவில்லை. வயிறுதான் எரிந்தது.

இத்தனைக்கும் காரணம் அவள் புருஷனுடைய வாய். கிட்டங்கியில் சுக்குத் தரம் பார்க்கிற மனுஷன், வீடு திரும்பும் வழியில் சாயாக்கடையில் கண்ணில் பட்டவரையெல்லாம் சாப்பிடக் கூப்பிட்டுவிடுவார். பாலக்காட்டுக்காரன் என்று ஒருவன் சொல்லிவிட்டால் போதும், அவன் தம்பி, மச்சினன், அவனை ஏற்றிவந்த வள்ளக்காரன் எல்லாரும் பந்தியில் உட்கார்ந்திருப்பார்கள். இரண்டு பேருக்கு வடித்த சோற்றை எட்டு பேருக்கு நீட்டி, ரசத்தில் தண்ணீர் விட்டு விட்டு, கடைசியில் வெறும் மோரைக் குடித்துவிட்டுப் படுப்பதே நீலாம்பாளுக்குப் பதினாறு வருஷப் பிழைப்பாகப் போயிற்று. இனி தன்னைக் கேட்காமல் ஒருத்தரைக் கூப்பிட்டாலும் கல்பாத்தியில் அண்ணா வீட்டுக்கே போய்விடுவேன், திரும்ப மாட்டேன் என்று அந்தப் பங்குனியில் தீர்த்துச் சொன்னாள். அவர் பயந்துபோய், ஆள் நடமாட்டமே இல்லாத இடத்துக்கு லீவில் அழைத்துப்போகிறேன் என்றார். கொப்பரை ஏற்றப் போகும் பாய்க்கப்பலில் இடம் கிடைத்தது.

தீவில் இறங்கும்போதே அலை தோணியைக் கவிழ்த்துப் புளிப்பானையைக் கொண்டுபோயிற்று. இளநீர் பறிக்கிறேன் என்று தென்னையில் ஏறிய அனந்தநாராயணன் இறங்கத் தெரியாமல் மத்தியானம் வரை மேலேயே இருந்தார். அவருடைய மூக்குக்கண்ணாடியை ஒரு நண்டு தூக்கிக்கொண்டு போய், இரண்டு நாள் போட்டுப் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தது. நீலாம்பாளுக்கு அதெல்லாம் ஒரு பொருட்டே இல்லை. கல்யாணமான பிறகு முதல்முறையாக அவள் பகலில் தூங்கினாள், சோற்றைச் சூடாகச் சாப்பிட்டாள். கிளம்புகிற அன்று பார்க்கிறாள், மனுஷன் மணலில் வெற்றிலை பாக்கு வைத்து, கையைக் கூப்பிக்கொண்டு, "ஒருதரம் மட்டாஞ்சேரிப் பக்கம் வரணும், நம்மாத்திலே ஒரு பிடி சாப்பிடணும்" என்று தீவைக் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறார். கூப்பிட ஆளில்லாமல் அவருக்கு நாக்கு அரித்திருக்கிறது. மணல் வெற்றிலையை மெல்ல உள்ளே இழுத்துக்கொண்டது. வெற்றிலை பாக்கை எடுத்துக்கொண்டால் வருகிறேன் என்று ஒப்புக்கொண்டதாகத்தானே அர்த்தம்.

வந்தும் விட்டது. வள்ளங்கள் படித்துறையை நெருங்க முடியாமல், ஏற்றிவந்த இஞ்சி காயலிலேயே முளைவிட்டது. அமாவாசைக்குள் விருந்தாளியை அனுப்பாவிட்டால் வேலையும் இல்லை, கிட்டங்கி வீடும் இல்லை என்று முதலாளி சொல்லிவிட்டார். அனந்தநாராயணனோ தினமும் காலையில் போய், ராத்திரி சௌகரியமாக இருந்ததா என்று தீவை விசாரித்துக்கொண்டிருந்தார்.

"ஏன்னா, போகச் சொல்லுங்கோன்னா குசலம் விசாரிச்சுண்டு நிக்கறேளே" என்றாள் நீலாம்பாள்.

"வந்தவாளைப் போன்னு எப்படிடி சொல்றது? நம்ம குடும்பத்திலே அப்படி ஒரு வழக்கமே இல்லையே" என்றார் அவர்.

அவள் தலையில் அடித்துக்கொண்டு பெட்டியைக் கட்டினாள். கல்பாத்திக்குப் போக ஷொர்ணூர் வண்டி பிடிக்கும் முன் அந்தத் தீவையும் நாலு வார்த்தை கேட்டுவிட்டுப் போகலாம் என்று, புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு முட்டளவுத் தண்ணீரில் நடந்து ஏறினாள். பதினாறு வருஷத்து ஆத்திரத்தையும் அங்கே கொட்டினாள். தீவு அவளிடம் காபி கேட்கவில்லை. இன்னும் கொஞ்சம் ரசம் விடு என்று சொல்லவில்லை. கத்தி ஓய்ந்தவள் ஒரு தென்னையில் சாய்ந்து உட்கார்ந்தாள், அப்படியே தூங்கியும் போனாள். வெயில் தாழ எழுந்தபோது, போ என்று சொல்ல மனசு வரவில்லை. இப்படி ஒரு விருந்தாளி அவளுக்கு வாய்த்ததே இல்லை. "கொஞ்சம் நகர்ந்து எங்காத்துக் கொல்லைப்பக்கம் நின்னுக்கோ" என்றாள். பெஞ்சில் ஒருத்தர் தள்ளி உட்காருகிற மாதிரி தீவு தள்ளி நின்றது. அன்று சாயங்காலமே வள்ளங்கள் வந்தன, வேலை பிழைத்தது.

பெட்டியை அவள் தீவிலேயே கொண்டுபோய் வைத்தாள். அதற்கப்புறம் வாசலில் விருந்தாளியின் செருப்புச் சத்தம் கேட்டால் கொல்லைக் கதவு வழியாகப் போய்விடுவாள், கூப்பிட்டவரே சமைக்க வேண்டியதாயிற்று. அவர் வைத்த ரசத்தைச் சாப்பிட்டவர்கள் இரண்டாம் முறை வரவில்லை. நகரசபை தீவுக்குக் கதவு எண் கொடுத்தது. ஒன்பது வருஷம் கழித்து ஊர் மாநகராட்சியோடு சேர்ந்தபோது அதையும் வார்டில் சேர்த்துக்கொண்டார்கள். அந்த வருஷம் ஒரு சாயங்காலம், வீட்டில் யாருமே இல்லாத நேரத்தில், அனந்தநாராயணன் கொல்லைப்படியில் வந்து நின்றார். எதையும் அவளைக் கேட்டுச் செய்து பழக்கமில்லாதவர், தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"நீலா, நான் அங்கே வரட்டுமா?"

நீலாம்பாள் ஆளில்லாத மணலை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை ஒருதரம் பார்த்தாள்.

"இன்னிக்கு இடமில்லை. நாளைக்கு வாங்கோ" என்றாள். "யாரையும் அழைச்சுண்டு வராதேங்கோ."

அவர் சரி என்று தலையாட்டிவிட்டு, அடுப்பைப் பார்க்க உள்ளே போனார்.