ஆடாத கை

எங்க தெருவுல பதினோரு ஊடு. அதுல எட்டு ஊட்டுக்காரங்க என் ஊட்டுக்காரர் கையைப் பாத்துதான் ஷேர் வாங்கினாங்க. சிரிக்காதீங்க, நெசமாத்தான் சொல்றேன்.

அவரு பேரு சந்திரமோகன். கும்மிடிப்பூண்டி சிப்காட்டுல ஒரு இரும்பு மில்லுல கிரேன் ஓட்டினவரு. அம்பது வயசுல வலது கை தானா ஆட ஆரமிச்சிச்சு. ஆடுற கையை நம்பி ஆளுங்க தலைக்கு மேல இரும்பைத் தூக்க உடுவானா? கேட்டுல வாட்ச்மேனா உக்கார வச்சிட்டான். மனுசன் ஊட்ல பேச்சையே கொறைச்சிக்கினாரு. அப்பத்தான் மெட்ராஸ்ல ஒரு பெரிய ஆஸ்பத்திரியில, நடுக்கத்துக்குப் புது மருந்து ஒண்ணு ட்ரையல் பாக்குறோம், சேர்றீங்களான்னு கேட்டாங்க. பாதிப் பேருக்கு நெச மாத்திரை, பாதிப் பேருக்கு மருந்தே இல்லாத டம்மி, யாருக்கு எதுன்னு டாக்டருக்கே தெரியாதுன்னு சொல்லித்தான் கையெழுத்து வாங்கினாங்க. நாங்களும் தலையாட்டினோம். அதையெல்லாம் யாரு காதுல வாங்கினா?

ஒரே மாசம். கை நின்னுடுச்சு. டீக்கடையில கிளாஸை ரொப்பி வாங்கிக்கினு, ஒரு சொட்டு சிந்தாம ரோட்டைத் தாண்டி வந்து எங்கிட்ட நீட்டினாரு. அன்னிக்கு நான் அழுதேன். மறைக்கிறதுக்கு இன்னா கீது?

அத்தோட என் வாய் சும்மா இருந்துச்சா? தண்ணி லாரிகிட்ட, நான் வேலைக்குப் போற கம்பெனி வேன்ல, பாத்தவங்ககிட்ட எல்லாம் சொன்னேன். மூணாவது ஊட்டு அன்புராஜ் எந்நேரமும் போன்ல ஷேர் பாத்துக்கினே இருப்பான். அந்த மருந்துக் கம்பெனி மார்க்கெட்டுல இருக்குறதை அவந்தான் கண்டுபுடிச்சான். "ஊரு ஒலகத்துக்கு ரிசல்ட்டு தெரியறதுக்கு மின்னாடி நமக்குத் தெரிஞ்சிபோச்சு பாத்தியாக்கா"ன்னான். அவ்ளோதான். ஆளாளுக்குப் போன்ல கணக்கு தொறந்து குடுத்தான். நானும் வாங்கினேன். எதிர் ஊட்டு அஞ்சம்மாக்கா, புருசன் செத்து வந்த பி.எஃப். பணத்துல பாதியைப் போட்டுச்சு. மீதிப் பாதி, பொண்ணு பூமிகா நர்சிங் சேர்றதுக்குன்னு பேங்குல வச்சிருந்துச்சு.

காலையில வேனுக்கு நிக்கும்போது தெனம் கூத்துதான். "சந்திரண்ணே, கையை நீட்டு"ன்னுவாங்க. இவரு நீட்டுவாரு. அசையாம நிக்கும். "ஏறும்டா ஏறும்"னு சிரிச்சிக்கினே வண்டியில ஏறுவாங்க. கேட்டுல குந்திக்கினு இருந்த மனுசன், தெருவுல நெஞ்சை நிமித்திக்கினு நடந்தாரு.

ஒரு செவ்வாக்கெழமை டிவியில சொல்ட்டான். மருந்து சாப்புட்டவங்களுக்கும் டம்மி சாப்புட்டவங்களுக்கும் ஒரு வித்தியாசமும் இல்லியாம், ட்ரையல் ஃபெயிலாம். விக்கப் போனா வாங்க ஆளில்ல. மறுநாளும் ஷேர் வெலை விழுந்துச்சு. அன்புராஜ் போனை ஆஃப் பண்ணிட்டு உள்ளயே கெடந்தான். தெருவே எங்க ஊட்டு வாசல்ல வந்து நின்னுச்சு. இவரு வெளிய வந்து கையை நீட்டினாரு. "நல்லா பாருங்க, ஆடுதா? எந்த மடையன் சொன்னான் மருந்து வேலை செய்யலன்னு? பொறுங்க, எல்லாம் திரும்பி வரும்." எல்லாருக்கும் கொஞ்சம் மூச்சு வந்துச்சு. எனக்குந்தான்.

வியாழக்கெழமை நான் வேலையில இருக்கும்போது ஆஸ்பத்திரியிலேர்ந்து போன். ஃபாரத்துல என் நம்பர்தான் குடுத்திருந்தோம். ஒரு நர்சு பேசிச்சு. "சாரை நேர்ல கூட்டினு வாங்கம்மா, டாக்டர் பேசணும்"னுச்சு. நான் உடல, நோண்டி நோண்டிக் கேட்டேன். "அவரு டம்மி குரூப்பும்மா"ன்னுச்சு.

"அப்போ கை எப்படிம்மா நின்னுச்சு?"

"சில பேருக்கு நம்பிக்கையிலயே அப்படி ஆவும். எத்தினி நாளைக்குன்னு சொல்ல முடியாது."

கம்பெனி பாத்ரூம்ல தாப்பா போட்டுக்கினு அழுதேன். அவர்கிட்ட சொல்றதில்லன்னு முடிவு பண்ணேன். காசு போனா போவட்டும், கையாவது இருக்கட்டும். இதுக்கு மேல யாரும் அந்தக் கையைப் பாத்துக் காசு போடப் போறதில்லன்னு நெனச்சேன்.

ஞாயித்துக்கெழமை நாஷ்டா நேரம். அஞ்சம்மாக்கா வந்துச்சு. "தம்பி, இப்ப அடிமாட்டு வெலைக்குக் கெடைக்குதாமே. பூமிகா காசையும் போட்டுட்டா, ஏறும்போது போனதும் சேந்து வந்துடும். உன் கையை ஒருவாட்டி காட்டு சாமி, பாத்துட்டுப் போட்டுடறேன்."

இவரு சிரிச்சிக்கினே நீட்டினாரு. "தைரியமா போடுக்கா"ன்னாரு.

எங்கேர்ந்துதான் வந்துச்சோ அந்த ஆத்திரம். கரண்டியை வீசிட்டு வந்தேன். "அய்ய, கம்முனு இருய்யா! நீ துன்னது மருந்தே இல்ல, டம்மி! நர்சு போன்லயே சொல்ட்டா. அக்கா, ஒத்த ரூபா போடாத!"

அஞ்சம்மாக்காவுக்கு மூஞ்சி செத்துப்போச்சு. "அடிப்பாவி, நீதானடி ஊரெல்லாம் சொல்லிக்கினு திரிஞ்ச"ன்னு சொல்லி, முந்தானையால வாயைப் பொத்திக்கினு போயிடுச்சு. இவரு நீட்டின கையை இன்னும் மடக்கல. அதைத் திருப்பித் திருப்பிப் பாத்தாரு, யாரோ எவரோ கையைப் பாக்குற மாதிரி. சாப்புடாம எழுந்து போனாரு.

எட்டாவது நாளு காலையில ட்யூட்டிக்குக் கெளம்பினவரு, சட்டைப் பொத்தானைப் போட முடியாம எம்மின்னாடி வந்து நின்னாரு. கை, மின்ன இருந்ததைவிட மோசமா ஆடுச்சு. நான் ஒவ்வொண்ணா போட்டு உட்டேன். அவரு எம்மூஞ்சைப் பாக்கல. செவுத்தைப் பாத்துக்கினு, கோவமே இல்லாம கேட்டாரு.

"அக்காவைத் தனியா கூப்ட்டு சொல்லியிருக்கலாம்ல திலகா? நான் இன்னும் கொஞ்ச நாளு நல்லா இருந்திருப்பேன்."