நூலுருண்டைச் சரிவு

"இத்தனை குட்டிங்க இங்க இருக்கே, இதுங்களோட அம்மா எங்க இருக்கா?"

கள்ளிக் குட்டிகளைக் காட்டி, வைக்கோல் தொப்பி போட்ட அந்த அம்மாள் கேட்டது இவ்வளவுதான். கேட்டுவிட்டு, பதில் தெரிந்தவளிடம்தான் கேட்கிறோம் என்ற நம்பிக்கையோடு ஒதீலியாவின் முகத்தையே பார்த்தாள்.

ஒதீலியாவை அதற்குமுன் யாரும் அப்படிப் பார்த்ததில்லை. பள்ளிக்கூடத்தில் அவள் பெயரைக் கூப்பிட்டாலே நாக்கு மேலே ஒட்டிக்கொள்ளும். எழுந்து நிற்பாள். பின்வரிசையில் சிரிப்பு கிளம்பும். "உக்காரும்மா, உக்காரு, அடுத்த வருஷம் சொல்லு" என்பார் வாத்தியார். அப்படி ஒருநாள் உட்கார்ந்தவள் மறுநாள் பள்ளிக்கூடம் போகவேயில்லை. வீட்டு மூலையில் சுருண்டு கிடந்தவளைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்து கள்ளிப் பண்ணையில் விட்டவள், அவள் மத்ரீனா என்று கூப்பிடும் ஞானத்தாய் ஹசீந்தா.

"இங்க யாரும் உன்னைக் கேள்வி கேக்கமாட்டாங்கடி. கள்ளிக்கு முள்ளுதான் உண்டு, வாய் கிடையாது" என்றாள் ஹசீந்தா. "வாயெல்லாம் சேர்த்து இங்க வேலை செய்யற சோலேவுக்குக் குடுத்துட்டாரு ஆண்டவர்."

காதெரெய்தா ஊரைச் சுற்றியுள்ள வறண்ட மலைகளில் மட்டும் முளைக்கிற கள்ளி ஒன்று உண்டு. கைக்குள் அடங்கும். உடம்பு முழுக்க வெள்ளை முள் பின்னிப் பின்னி, பார்த்தால் பாட்டன் காலத்து நூல்பந்து மாதிரியே இருக்கும். ஊர்க்காரர்கள் அதை நூலுருண்டை என்பார்கள். மலையிலிருந்து தோண்டினால் ஜெயில். விதை போட்டு வளர்த்ததை மட்டும் விற்கலாம். பண்ணைப் பெண்கள் வருஷத்துக்கு ஒருமுறை மலையேறி, செடியின் உடம்புக்குள் பாதி புதைந்திருக்கும் பழங்களை இடுக்கியால் எடுத்து வருவார்கள். எறும்புக்கும் மலைக்கும் ஒரு பங்கை விட்டுவிட்டுத்தான் எடுப்பார்கள்.

பழம் எடுக்கும் அந்தச் சரிவு எங்கே என்று யாருக்கும் சொல்லக்கூடாது. பண்ணையின் ஒரே சட்டம் அதுதான். "புருஷனுக்கும் சொல்லாதீங்க, பாவசங்கீர்த்தனத்துல சாமியாருக்கும் சொல்லாதீங்க. ஆண்டவருக்கு ஏற்கெனவே தெரியும்" என்பாள் பண்ணையை நடத்தும் டோன்யா தெயோ.

ஒதீலியாவுக்கு இதெல்லாம் மனப்பாடம். ஆனால் அன்றைக்கு மற்றவர்கள் ஒரு ஞானஸ்நான விருந்துக்குப் போயிருந்தார்கள். பண்ணையில் அவள் தனியாக இருந்தாள். வாழ்க்கையில் முதல் தடவையாக, அவளுக்குத் தெரிந்த ஒன்றை ஒருவர் கேட்கிறார். செடிகளுக்கு மேல் கட்டிய நிழல்வலையின் ஓரத்துக்குப் போய்க் கையை நீட்டினாள். அந்த வெள்ளைப் பாறை தெரியுதா, அதுக்குக் கீழே ஒரு மரம் பிளந்து நிக்குதே, அதுக்கு அந்தப் பக்கம். அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. ஒரு இடத்தில்கூட வார்த்தை தடுக்கவில்லை.

"கெட்டிக்காரப் பொண்ணு" என்றாள் அந்த அம்மாள். குட்டிச் செடி ஒன்றை வாங்கிக்கொண்டு போனாள்.

அந்தச் சொல்லை வைத்துக்கொண்டு ஒதீலியா பல நாள் மிதந்தாள்.

மழை வந்து, பழம் பறிக்கப் போனபோது சரிவில் செடி இல்லை. குழிகள் இருந்தன. வெள்ளைப் பாறைக்குக் கீழே, பிளந்த மரத்துக்கு அந்தப் பக்கம், ஒரு கைமுட்டி அளவுக் குழிகள். அவசரமில்லாமல், வேர் அறுபடாமல், பொறுமையாகத் தோண்டியிருந்தார்கள். நசுங்கிப்போன ஒன்றை மட்டும் எறிந்துவிட்டுப் போயிருந்தார்கள். டோன்யா தெயோ அதை எடுத்து மேல்துணியில் சுற்றினாள். தொப்பிக்காரியின் முகம் ஒதீலியாவுக்கு ஞாபகம் வரவில்லை. அந்தப் புன்னகை மட்டும் வந்தது.

மறுநாள் மண் சலிக்கும்போது சோலே ஆரம்பித்தாள்.

"நமக்குத்தான் இடம் தெரியும். நாம தோண்டல. அப்போ நம்ம வீட்டு ஆம்பளைங்கதான். அதுல பழக்கமுள்ள கை யாரோடது?"

எல்லோருக்கும் தெரியும். ஹசீந்தாவின் புருஷன் அன்செல்மோ கல்யாணத்துக்கு முன்னால் மலைக் கள்ளியைத் தோண்டி நெடுஞ்சாலையோரம் கார்க்காரர்களுக்கு விற்று, ஒருமுறை உள்ளே போய் வந்தவன். அதன்பிறகு கொத்தனாராகி, கள்ளி இருக்கும் பக்கம் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை.

ஹசீந்தா முதலில் சிரித்தாள். "அந்த மனுஷனுக்கு வீட்டுல உப்பு எங்க இருக்குன்னே தெரியாது சோலே. மலையில கள்ளி எங்க இருக்குன்னா தெரியும்?"

"உப்பு எங்கன்னு நீ சொல்லியிருக்கமாட்டே. கள்ளி எங்கன்னு சொல்லியிருப்பே. ராத்திரி தலையணையில சொல்ற பேச்சுக்குக் கணக்கா வெக்கறோம்?"

"என் தலையணையில நீ வந்து படுத்தியா?"

யாரும் சிரிக்கவில்லை. ஹசீந்தா டோன்யா தெயோவைப் பார்த்தாள். டோன்யா தெயோ சல்லடையைப் பார்த்தாள்.

"யாரு மேலயும் பழி போடல" என்றாள் கடைசியில். "ஆனா கொஞ்ச நாளைக்கு நீ விதையைத் தொட வேணாம் ஹசீந்தா. தண்ணி மட்டும் சுமந்து ஊத்து."

பண்ணையில் ஹசீந்தாவின் கைக்கு இணையான கை கிடையாது. கசகசாவைவிடச் சின்ன விதையை மூச்சை அடக்கிக்கொண்டு மண்மேல் வரிசையாக வைப்பாள். அந்தக் கை இப்போது வாளியைத் தூக்கியது. ஒதீலியா பார்த்துக்கொண்டிருந்தாள். இப்போ சொல்லிடலாம், இதோ இப்போ, என்று நினைக்க நினைக்க நாக்கு பழையபடி மேலே போய் ஒட்டிக்கொண்டது. சோலே வந்து "என்னடி முழிக்கிறே, விதைத் தட்டைக் கொண்டா" என்றாள். கொண்டு போனாள்.

போன வருஷ விதையில் முளைத்தவைதான் இனி மிச்சம். இவற்றில் ஒன்றைக்கூட விற்பதில்லை, வளர்த்து அந்தச் சரிவிலேயே திரும்ப நடுவது என்று முடிவானது. தட்டுத் தட்டாகக் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் பையில் கட்டி, நிழலில் வைத்திருந்தார்கள். உள்ளே பச்சை மணிகள், கடுகுக்குக் கொஞ்சம் பெரிசு. சிலதுக்கு மேலே மயிரிழை போல முள் எட்டிப் பார்க்க ஆரம்பித்திருந்தது. பையை அவிழ்க்கவே கூடாது. உள்ளே வியர்க்கிற ஈரமே அவற்றுக்குப் போதும். தண்ணீர் கேட்டால் தட்டை அடியில் நனைக்க வேண்டும், மேலே ஒரு துளி விழக்கூடாது.

தட்டுகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை ஒதீலியாவுக்கு வந்தது. அவளுக்கு அது தண்டனையாகவும் இருந்தது, ஆறுதலாகவும் இருந்தது. இவை பிழைத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று தோன்றும். அந்த ஆசையிலேயே பையை அவிழ்த்து எட்டிப் பார்ப்பாள். கட்டுவாள். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி அவிழ்ப்பாள். மண் காய்ந்த மாதிரி இருக்கிறதே என்று மேலே லேசாகத் தெளித்தாள். லேசாகத்தானே என்று மறுபடியும் தெளித்தாள்.

ஒரு காலையில் தட்டு ஒன்றில் பச்சை மணிகளுக்கு நடுவே சிலந்தி வலை மாதிரி வெள்ளையாக ஏதோ படர்ந்திருந்தது. பூசணம். மறுநாள் மணிகள் கண்ணாடி போலாகி, மண்ணில் கரைந்து சரிந்தன. முள் எட்டிப் பார்த்தவையும் போய்விட்டன.

சோலேதான் முதலில் பார்த்தாள். "யாரு பையைத் திறந்தது? முடிச்சைப் பாரு, நாய் கடிச்ச மாதிரி இருக்கு!"

டோன்யா தெயோ வந்தாள். தட்டைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். "மலையிலயும் இல்ல, இங்கயும் இல்லன்னா, பிறகு எங்கதான் இருக்கும்? யாரு திறந்தது?"

ஒதீலியா எழுந்து நின்றாள். வாய் திறந்தது. சத்தம் வரவில்லை. பின்வரிசைச் சிரிப்பு காதில் கேட்டது.

வாளியோடு நின்ற ஹசீந்தா அவளை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு சாதாரணமாகச் சொன்னாள்: "நான்தான். தண்ணி ஊத்த வந்தப்போ ஆசையா இருந்துச்சு, அவிழ்த்துப் பார்த்தேன்."

"பார்த்தியா டோன்யா, பார்த்தியா!" என்று சோலே கையைத் தட்டினாள். "புருஷன் மலையைக் காலி பண்ணான், பொண்டாட்டி பண்ணையைக் காலி பண்றா!"

"போதும் சோலே." டோன்யா தெயோ தட்டைக் கீழே வைத்தாள். "ஹசீந்தா, நாம சண்டை போட வேணாம். நாளையிலிருந்து நீ வராதே."

ஹசீந்தா தலையசைத்தாள். அவள் போகும்போது ஒதீலியாவின் தலைமேல் கையை வைத்து, "வாயை மூடு, ஈ பூந்துடும்" என்று மெல்லச் சொன்னாள். சிறுபிள்ளையிடம் சொல்வதுபோல.

அந்தக் கையைத்தான் தாங்க முடியவில்லை. ஒதீலியாவுக்குள் அடைத்திருந்தது பிய்த்துக்கொண்டு வந்தது.

"நான்தான் திறந்தேன். அவங்க பொய் சொல்றாங்க."

எல்லோரும் திரும்பினார்கள். ஹசீந்தா அவளைப் பார்த்து லேசாகச் சிரித்தாள். சரி விடுடி, ஒரு தட்டுதானே என்று சொல்வதுபோல. அந்தச் சிரிப்பு இருக்கும்போதே மீதியையும் சொல்ல வேண்டியிருந்தது.

"சரிவையும் நான்தான் காட்டினேன்."

"எதை?" என்றாள் டோன்யா தெயோ.

"ஒரு அம்மா வந்தாங்க. தொப்பி போட்டுக்கிட்டு. நீங்கல்லாம் விருந்துக்குப் போயிருந்தீங்க. அம்மாச் செடி எங்கன்னு கேட்டாங்க. எனக்கு... எனக்குத் தெரிஞ்சுது. அதனால சொல்லிட்டேன். கையைக் காட்டிச் சொன்னேன்."

"விருந்தன்னிக்கா?" சோலேவின் குரல் இறங்கிப்போயிருந்தது. "அப்போ குழியைப் பார்த்த அன்னிக்கே உனக்குத் தெரியுமா? நான் அன்செல்மோவை அவ்வளவு பேசினப்போ நீ இங்கதானே நின்னே?"

"நின்னேன்."

"வாளியைத் தூக்கறதைப் பார்த்துக்கிட்டு?"

ஒதீலியா ஆமாம் என்று தலையாட்டினாள். அப்படியே குனிந்துகொண்டாள். ஹசீந்தாவின் சிரிப்பு எப்போது போனது என்று அவள் கவனிக்கவில்லை. நிமிர்ந்தபோது அது இல்லை. திட்டுவாள் என்று காத்திருந்தாள். அறைந்தாலும் நல்லது என்றிருந்தது. ஏதாவது ஒரு கேலி, ஒரு வசவு, எது வந்தாலும் பிடித்துக்கொண்டு அழுதுவிடலாம்.

"ஹசீந்தா, நான் தப்பா..." என்று டோன்யா தெயோ தொடங்கினாள்.

"மத்ரீனா" என்றாள் ஒதீலியா.

ஹசீந்தா வாளியைத் தரையில் வைத்தாள். ஈரக் கையைப் பாவாடையில் இருபக்கமும் துடைத்துக்கொண்டாள். சோலே வழியிலிருந்து ஒதுங்கிக்கொண்டாள். யார் முகத்தையும் பார்க்காமல், நிழல்வலையைக் கையால் விலக்கி, வெயிலுக்குள் இறங்கி ஹசீந்தா போனாள்.