உபவாச நாளில் மட்டும் கழன்ற பல் செட்

1982 பங்குனி. தேரடித் தெருப் பல் டாக்டர் நூருல்லாவின் நாற்காலியில் உட்கார்ந்து, அப்பாண்டைராஜ் நயினார் தன் மேல் செட்டை ஆட்டிக் காட்ட முயன்றார். அது அசையவில்லை.

"இங்க கெட்டியா நிக்குது. எங்க ஊர் கோயில்ல விழுந்துடுதுங்க."

கீழ்பென்னாத்தூர்ப் பக்கம் அவர் ஊர். அங்கே மகாவீரர் ஜெயந்திக்குத் துதி பாடுவது, பல்லெல்லாம் போகும்வரை அவர் வேலை. பிறகு பங்காளி விருசபதாசன் அதைப் பிடித்துக்கொண்டார். பல் கட்டிய தெம்பில் நயினார் இந்த வருடம் கேட்டு வாங்கியிருந்தார். தடுமாறினால் இனி கிடைக்காது.

"எப்பல்லாம் விழுது?"

"சதுர்த்தசிக்கு சதுர்த்தசி. அன்னைக்குத்தான் துதி பாடிப் பாக்கறது."

"அன்னைக்கு என்ன சாப்புடுவீங்க?"

"உபவாசங்க. தண்ணி கூட உள்ள போவாது."

டாக்டர் சிரித்துவிட்டார். "ரம்ஜான் மாசம் எங்க மாமாவும் இதே புகாரோடதான் வருவாரு. கீழ் செட்டை நாக்கும் கன்னமும் அணைச்சுக்கும். மேல் செட்டைப் பிடிக்கிறது எச்சில். ரெண்டு கண்ணாடித் துண்டை நனைச்சு ஒட்டிப் பாருங்க, லேசுல பிரியாது. காஞ்சா வந்துடும். அன்னைக்கு ஒரு மடக்கு தண்ணி குடிச்சிடுங்க."

"ஜெயந்தி உபவாசத்துலயா? நல்லா சொன்னீங்க!"

வீட்டுக்குப் போய் மனைவி குசுமாவதியிடம் சொல்லிப் புலம்பினார்.

ஜெயந்தியன்று நல்ல வெயில். மூன்றாவது துதியிலேயே மேல் செட் இறங்கத் தொடங்கியது. நயினார் நாக்கால் முட்டுக்கொடுத்தார்; சொற்கள் குழறின. விருசபதாசன் தொண்டையைச் செருமிக்கொண்டு மைக் பக்கம் நகர்ந்தார்.

முன்னால் உட்கார்ந்திருந்த குசுமாவதி, பக்கத்திலிருந்த மருதேவியிடம் சற்று உரக்கவே சொன்னாள்: "கிளிமூக்கு மாங்கா வாங்கி வச்சிருக்கேன்க்கா. மெல்லிசா கீறி, உப்பும் மொளகாத்தூளும் தடவி..."

"ஏன்டி, துதி நடக்கறப்ப பேசற பேச்சா இது?"

"புளிப்புன்னா அப்படி ஒரு புளிப்பு!"

நயினாரின் வாயில் நீர் சுரந்தது. செட் மேலண்ணத்தில் பச்சக்கென்று ஒட்டியது. அடுத்த துதி கோயில் வாசல் தாண்டிக் கேட்டது. விருசபதாசன் பழைய இடத்தில் போய் உட்கார்ந்துகொண்டார்.

எல்லாம் முடிந்ததும் நயினார் மனைவியிடம் வந்தார். "உபவாசத்துல மாங்காய நெனைக்க வச்சிட்டியே. பாவம் இல்லையா?"

"நான் அக்காகிட்ட பேசினேன். நெனச்சது நீங்க."

அவர் யோசித்தார். "பரிகாரமா நாளைக்கும் ஒரு உபவாசம் இருந்துடறேன்."

"தாராளமா இருங்க. மாங்காய நானும் அக்காவும் பாத்துக்கறோம்."