களர் நிலத்து மருந்து

தாராவியில் கணேசபாண்டியன் பெயிண்டும் வெள்ளையடிக்கும் சுண்ணாம்பும் விற்கும் கடை வைத்திருந்தார். அங்கே வாடிக்கையாக வரும் பெயிண்டர் சாய்நாத் மராட்டிக்காரன். தாராவியிலேயே வளர்ந்ததால் தமிழ் பேசுவான். சாத்தாரா மலைப்பக்கம் அவனுக்குக் கொஞ்சம் கோதுமை நிலம் இருந்தது. மனைவி சாதனா அங்கேயே தங்கிப் பார்த்துக்கொண்டாள்.

போன மழைக்காலம் முடிந்ததும் நிலத்துக்குப் போடச் சுண்ணாம்புத் தூள் வேண்டுமென்று அவன் வந்தான். அமிலம் ஏறி மண் புளித்துக் கிடப்பதால்தான் கோதுமை வேர் ஓடவில்லை என்று விவசாய அதிகாரி சொல்லியிருந்தார்.

“சுண்ணாம்பா? வேரு வெந்து போவும்டே. எங்க ஊர்ல கெட்டுப்போன நெலத்துக்கு ஜிப்சம்தான். எங்கப்பா அதைப் போட்டுத்தான் நெல்லு எடுத்தாவ.”

அவன் தயங்கினான். கணேசபாண்டியன் கேட்கவில்லை. தெரிந்த கிடங்கிலிருந்து ஜிப்சம் வரவழைத்து, அவன் நெற்றியில் திருநீறு பூசி அனுப்பினார். அன்று அவருக்கு மனம் நிறைந்திருந்தது.

அறுவடைக் காலத்தில் சாய்நாத் மறுபடி வந்தான்.

“கோதுமை எப்படிடே?”

“மஞ்சளா நின்னுபோச்சு அண்ணாச்சி. அதிகாரி சாப் வந்து பாத்து ரொம்ப குஸ்ஸா ஆயி கத்திட்டாரு. ஜிப்சம் உப்புப் பூத்த களர் நிலத்துக்குத்தானாம். புளிச்ச மண்ணுக்குச் சுண்ணாம்புதான் போடணுமாம். எந்த மடையன் சொன்னான்னு கேட்டாரு. நானே மாத்தி வாங்கிட்டேன்னுட்டேன்.”

“எம்பேரச் சொல்லலியா?”

“விடுங்க, நல்லதுக்குத்தானே சொன்னீங்க. சாதனாதான் பேச மாட்டேங்கிறா. உனக்கு விவசாயம் வராது, நிலத்த உன் அண்ணனுக்கே விட்டுருங்கிறா.”

கல்லாவில் இருந்த கணேசபாண்டியன் மனைவி கலைச்செல்வி, “மண்ணு டாக்டரே, அடுத்த மருந்து என்ன?” என்றாள். சாய்நாத் சிரித்தான். கணேசபாண்டியனுக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. ஊரில் பார்த்த ஒரு களர் மண்ணை வைத்து எல்லா மண்ணுக்கும் வைத்தியம் சொன்னதை நினைத்துக் கூசினார். அந்தப் பழியை இவன் வீட்டுக்குள் சுமந்துகொண்டிருந்தது அதைவிடச் சுட்டது.

“சாதனாவுக்குப் போனப் போடு.”

“வேணாம் அண்ணாச்சி.”

“போடுடே.”

தட்டுத்தடுமாறிய இந்தியில் அவர் சொன்னார்: “அம்மா, உன் புருஷன் சுண்ணாம்புதான் கேட்டான். நான்தான் அவன் சொல்லைக் கேட்காமல் ஜிப்சம் கொடுத்தேன். தப்பு என்னுடையது. நிலத்தை விட்டுவிடாதே. அதிகாரி சொல்கிற சுண்ணாம்பை, அவர் சொல்கிற அளவுக்கு நான் அனுப்புகிறேன்.”

ஸ்பீக்கரில் சாதனாவின் குரல் கேட்டது.

“அனுப்ப வேண்டாம் சேட், நீங்களே கொண்டு வாங்க. இவர் கையில் கொடுத்தால் வழியில் இன்னொருத்தர் யோசனை சொல்வார்.”

சாய்நாத் வாய்விட்டுச் சிரித்தான். கணேசபாண்டியன் குனிந்த தலை நிமிராமல், “வர்றேன்மா” என்றார்.